நுரையீரல் பாதிப்புக்கு ஆன்டிஆக்சிடன்ட்: ஆய்வுக் கட்டுரையை எடைபோடும் முறை

தீவிர நுரையீரல் பாதிப்பை ஓர் ஆன்டிஆக்சிடன்ட் (செல்களைச் சேதப்படுத்தும் ஆக்சிஜனேற்றிகளை அடக்கும் பொருள்) குறைத்துவிட்டது என்று ஒரு கட்டுரை சொன்னால், முடிவுரைக்குப் போகுமுன், மருந்து எப்போது கொடுக்கப்பட்டது என்பதைச் செய்முறைப் பகுதியில் தேடுங்கள். பல எலி ஆய்வுகளில், பாக்டீரியாவின் நச்சான எல்பிஎஸ்ஸை மூச்சுக்குழாயில் செலுத்துவதற்கு முன்பே மருந்து கொடுக்கப்பட்டிருக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் நோயாளிக்கோ, அதற்குள் நியூட்ரோபில் எனும் வெள்ளணுக்கள் காற்றுப்பைகளில் நுழைந்து, சூப்பராக்சைடு எனும் ஆக்சிஜனேற்றியை உமிழ்ந்து, நுண்குழாய்ச் சுவரைக் கசியவிட்டிருக்கும்.

அடுத்து, எதை அளந்தார்கள் என்று பாருங்கள். எலியின் நுரையீரலை எடுத்த கையோடு எடைபோட்டு, ஈரம் முழுதும் வற்றும்வரை உலர்த்தி, மீண்டும் எடைபோடுவார்கள். ஈர எடைக்கும் உலர் எடைக்கும் உள்ள விகிதம் கூடியிருந்தால் நீர் கோத்திருக்கிறது என்று பொருள். ஆக்சிஜனேற்றச் சேதத்தின் அடையாளமான மாலோன்டைஆல்டிஹைடு குறைந்தது, உடலின் சொந்த ஆன்டிஆக்சிடன்டான குளுடாதயோன் கூடியது என்பவை மருந்தின் வேதிவினை நடந்ததைக் காட்டுமே தவிர, கசிவு நின்றதைக் காட்டா. இவற்றை மட்டும் நம்பி நிற்கும் கட்டுரையை நான் அதற்குமேல் படிப்பதில்லை.

மனிதர்களிடம் நடந்த ஆய்வென்றால், முதன்மை முடிவாக முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது எது என்பதே முக்கியம். 2019இல் வெளியான சிட்ரிஸ்-ஏஎல்ஐ ஆய்வில், செப்சிஸும் (தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) ஏஆர்டிஎஸ்ஸும் (நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும் தீவிர பாதிப்பு) இருந்த 167 பேரில் ஒரு பிரிவினருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் வைட்டமின் சி, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, 96 மணி நேரம் சிரைவழி செலுத்தப்பட்டது. உறுப்புச் செயலிழப்பு மதிப்பெண்ணும், அழற்சி, இரத்தக்குழாய்ச் சேதம் ஆகியவற்றின் குறியீடுகளுமே முதன்மை முடிவுகள். அவற்றில் வேறுபாடு இல்லை. 28 நாள் இறப்பு, வைட்டமின் சி பெறாதவர்களில் 46.3 சதவீதமாகவும் பெற்றவர்களில் 29.8 சதவீதமாகவும் இருந்தது உண்மைதான். ஆனால் அது 46 துணை முடிவுகளில் ஒன்று, அவற்றில் 43இல் வேறுபாடே இல்லை. 2022இல் வெளியான லோவிட் ஆய்வில், செப்சிஸ் நோயாளிகளுக்கு அதே அளவு வைட்டமின் சி கொடுத்தபோது, இறந்தவர்களும் உறுப்புச் செயலிழப்பு நீடித்தவர்களும் சேர்ந்து 44.5 சதவீதம், கொடுக்கப்படாத பிரிவில் 38.5 சதவீதம்.

கடைசியாக, இரு பிரிவினருக்கும் மற்றச் சிகிச்சைகள் ஒரே மாதிரி இருந்தனவா என்று சரிபாருங்கள். வென்டிலேட்டர் ஒரு மூச்சுக்குச் செலுத்தும் காற்றை, உயரத்தைக் கொண்டு கணிக்கும் உடல் எடையில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டரிலிருந்து 6 ஆகக் குறைத்ததே, 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் இறப்பை 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதத்துக்கு இறக்கியது. செலுத்தப்பட்ட ஆக்சிஜனின் செறிவையும் விட்டுவிடாதீர்கள். அது மிகுந்தால் நுரையீரலில் ஆக்சிஜனேற்றிகள் தாமாகவே பெருகும்.