கறுப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானை அடையாளம் காணும் முறை

மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய கறுப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானை நீலகிரி, பழனி மலைச் சோலைகளில் தேடுவோர், மர உச்சிகளை அண்ணாந்து பார்க்காமல், ஈரம் மிகுந்த புதர்களின் அடிப்பகுதியைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் தரையை ஒட்டிய கிளையில் அமர்ந்தே அது பூச்சிகளைப் பிடிக்கிறது. ஆண் பறவையின் தலையும் இறக்கைகளும் கறுப்பாகவும், வால் உட்பட எஞ்சிய உடல் ஆரஞ்சு நிறமாகவும் இருப்பதால் ஐயத்திற்கே இடமில்லை. பெண் பறவையிடம்தான் சற்று நிதானம் தேவை: கறுப்புக்குப் பதிலாக ஆலிவ் பழுப்பு நிறமும், கண்ணைச் சுற்றி மெல்லிய வெளிர் வளையமும் காணப்படும். குளிர்காலத்தில் நீலகிரிக்கு வலசை வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பானுக்கும் மார்பில் செம்மை உண்டு. ஆனால் அதன் வால் கருமையாக, அடியில் இருபுறமும் வெள்ளையாக இருக்கும். மூடுபனியில் எதுவும் தெரியாவிட்டால், பூச்சியின் ரீங்காரத்தை ஒத்த கூரிய மெல்லொலி வரும் திசையில் அசையாமல் நின்று பார்க்கலாம்.