சாம்பாரில் பருப்பு எங்கே? மதியச் சாப்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று மாதமாக எங்கள் வீட்டு மாடியில் சிவகங்கைப் பக்கத்துப் பெண்கள் மூவர் குடியிருக்கிறார்கள். துணிக்கடை வேலை. காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் திரும்புவார்கள். கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. ஆனாலும் முகூர்த்த நாள் கூட்டத்தில் உட்கார ஏது நேரம் என்கிறார்கள். அப்படி நாள் முழுக்க நிற்கிற உடம்புக்கு மதியச் சாப்பாடுதான் பிடிமானம். தினமும் ஹோட்டலில் வாங்கிச் சாப்பிடக் கட்டுப்படியாகாமல் தாங்களே சமைக்கத் தொடங்கினார்கள்.

வந்த புதிதில் ஒரு நாள், "அக்கா, நாங்களே வச்ச சாம்பார், கொஞ்சம் பாருங்க" என்று கிண்ணத்தில் கொண்டுவந்தார்கள். வாசனை நன்றாக இருந்தது. புளி, உப்பு, காரம் எல்லாம் சரியான அளவு. கரண்டியை விட்டு அடியில் துழாவினேன். பருப்பு தட்டுப்படவே இல்லை. "எவ்வளவு பருப்பு போட்டீங்க?" என்றேன். "ரெண்டு கைப்பிடி அக்கா. ராத்திரிக்கும் சேர்த்துத்தான்." 2015இல் நான் செய்த அதே காரியம். எனக்குக் கோபம் அந்தப் பெண்கள் மேல் வரவில்லை, அந்தச் சாம்பார் மேல் வந்தது.

சைதாப்பேட்டையில் 2013இலிருந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக்கொடுத்து வருகிறேன். பெரிய வியாபாரம் இல்லை, நாளொன்றுக்கு இருபது இருபத்தைந்து கேரியர். எண்ணெயைக் குறை, காயைக் கழுவிய பிறகு நறுக்கு என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். கையையும் உடம்பையும் ஒன்றாகக் கடிக்கிற தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

சாம்பார் ஊற்றினாலே பருப்பு சாப்பிட்டதாக நினைப்பது

இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறவில்லை.

அந்தப் பெண்களின் இரண்டு கைப்பிடியைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 80 கிராம் வந்தது. மூன்று பேர், இரண்டு வேளை, ஆக ஆறு பங்கு. ஒரு பங்குக்குப் பதின்மூன்று கிராம் பருப்பு. துவரம்பருப்பு 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. அப்படியானால் ஒருத்திக்கு ஒரு வேளைச் சாம்பாரிலிருந்து கிடைப்பது மூன்று கிராம்கூட இல்லை. ஒரு முட்டையில் இருப்பதில் பாதி.

"சோறுல புரதம் இல்லையா அக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. இருக்கிறது. 100 கிராம் அரிசியில் ஏழெட்டு கிராம் இருக்கும். ஆனால் அரிசியின் புரதத்தில் லைசின் என்ற கூறு குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைகிற மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது. பருப்பு பெயரளவுக்கு இருந்தால் அரிசியில் உள்ள புரதத்தையும் உடம்பு முழுதாகப் பயன்படுத்திக்கொள்ள முடியாது. நான் கைக்கொள்ளும் அளவு எளிது: மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்போ பயறோ, இரண்டையும் சமைக்காத நிலையில் அளந்து. ஒரு ஆள் 120 கிராம் அரிசி பொங்கிச் சாப்பிட்டால் 40 கிராம் பருப்பு வேண்டும். அதாவது ஆளுக்கொரு கைப்பிடி, ஒரு வேளைக்கு. மூன்று பேருக்கு இரண்டு வேளைக்கும் சேர்த்து இரண்டு கைப்பிடி எந்த மூலைக்கு?

ஒரு நாளைக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் தந்த அளவு. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 41 கிராமுக்கு மேல். காலையில் டீயும் பன்னும், இரவில் களைத்து வந்து மிச்ச சாதமும் மோரும் என்றால், மதிய வேளைதான் அதில் பெரும்பங்கைத் தாங்கியாக வேண்டும்.

இனி என் கதை. 2015இல் துவரம்பருப்பு விலை ஏறிக்கொண்டே போய் கிலோ 200 ரூபாயைத் தொட்டது. டிசம்பர் வெள்ளத்துக்கு ஓரிரு மாதம் முன்பு. அப்போது என்னிடம் இருபது கேரியர். ஆளுக்கு 50 கிராம் கணக்கில் நாளுக்கு ஒரு கிலோ பருப்பு வேகவைத்து, பாதியைக் கூட்டுக்கும் பாதியைச் சாம்பாருக்கும் எடுப்பேன். விலையைப் பார்த்துப் பயந்து 400 கிராமாகக் குறைத்தேன். கூட்டை நிறுத்திவிட்டு, சாம்பார் நீர்த்துத் தெரியாமலிருக்க அரிசி மாவைக் கரைத்து ஊற்றினேன். ருசியில் ஒருவரும் வித்தியாசம் சொல்லவில்லை. நாளுக்கு 120 ரூபாய் மிச்சம், கேரியருக்கு ஆறு ரூபாய். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து, அச்சகத்தில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் காலி கேரியரைக் கொடுக்கும்போது சொன்னார்: "சாப்பாடு நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா முன்ன மாதிரி தாங்கல. நாலு மணிக்கெல்லாம் வயிறு காயுது. ரெண்டு போண்டா, ஒரு டீ குடிச்சாத்தான் ஆறு மணி வரைக்கும் ஓடுது." போண்டாவும் டீயும் சேர்ந்து அன்றைக்கு இருபது ரூபாய். நான் ஆறு ரூபாய் மிச்சம் பிடிக்க, அவர் சட்டைப்பையிலிருந்து இருபது ரூபாய் போனது. அதுவும் மைதாவுக்கும் எண்ணெய்க்கும். அவர் பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போனார். சொல்லாமலே நின்றுபோனவர்கள் நான்கு பேர். என் பிள்ளைகளும் அதே சாம்பாரைத்தான் பள்ளிக்கு எடுத்துப் போனார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை.

அன்று நான் செய்திருக்க வேண்டியது பருப்பைக் குறைப்பதல்ல, பருப்பை மாற்றுவது. சாம்பாருக்குத் துவரைதான் வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மைசூர் பருப்பும் பாசிப்பருப்பும் பாதிப் பாதி போட்டுச் சாம்பார் வைக்கலாம். சீக்கிரம் வேகும், எரிவாயுவும் மிச்சம். கொள்ளும் தட்டைப்பயறும் புரதத்தில் துவரைக்குச் சளைத்தவை அல்ல. கொள்ளை வேகவைத்த தண்ணீரில் ரசம், கொள்ளில் துவையல். தட்டைப்பயறும் கத்தரிக்காயும் போட்ட காரக்குழம்பு ஒன்று போதும், தனியாகத் தொட்டுக்கொள்ள ஒன்றும் வேண்டாம். சொந்த ஊரில் குடும்ப அட்டை இருந்தால் ரேஷன் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஊருக்குப் போகும்போது வீட்டில் கேட்டு வாங்கி வாருங்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி வீட்டில் மாதாமாதம் அந்தப் பருப்பை வாங்காமலே விட்டுக்கொண்டிருந்தார்கள்.

நீர்த்த சாம்பார்தான் பிடிக்குமென்றால் அப்படியே வையுங்கள். ஆனால் பக்கத்தில் வேறு ஏதாவது இருக்க வேண்டும். கறுப்புக் கொண்டைக்கடலை 50 கிராம் ஊறப்போட்டுச் சுண்டல் செய்தால் ஒன்பது கிராம் புரதம், செலவு ஐந்தாறு ரூபாய். அவித்த முட்டை ஆறேழு ரூபாய். வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி இன்னும் சுலபம். காய்ந்த மிளகாய், பூண்டு, உப்போடு பொடித்து வைத்துக்கொண்டால் பத்து நாள் கை கொடுக்கும். சத்துணவில் முட்டையும் பயறும் சேர்த்தது சும்மா இல்லை. சாம்பார் சாதம் மட்டும் பிள்ளைகளுக்குப் போதும் என்றால் அந்தச் செலவை யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள்.

தினமும் உருளைக்கிழங்கு

சீக்கிரம் ஆகும், டப்பாவில் கசியாது, எல்லோருக்கும் பிடிக்கும். அதனால்தான் எலுமிச்சை சாதம், புளிசாதம், தக்காளி சாதம் எல்லாவற்றுக்கும் உருளை வறுவலே துணையாகப் போகிறது. மாவுக்கு மாவு. சாப்பிட்டதும் கண்ணைச் சொக்கும், ஐந்து மணிக்குப் பசிக்கும். உருளையை விடச் சொல்லவில்லை. பச்சைப் பட்டாணியோ சோயா உருண்டையோ பாதிக்குப் பாதி சேர்த்து வறுங்கள். சோயா உருண்டையில் எடையில் பாதி புரதம். 20 கிராம் போதும், வெந்நீரில் போட்டுப் பிழிந்தால் பெரிதாகிவிடும். முட்டைக்கோஸ், பீர்க்கங்காய், சுரைக்காய் மலிவாக வரும் நாளில் கடலைப்பருப்பு சேர்த்துக் கூட்டு வைப்பது இதைவிடவும் நல்லது.

அப்பளம், ஊறுகாய்

இரண்டும் காய்க் கணக்கில் சேராது.

புரோட்டீன் பவுடர் டப்பா

அந்தப் பணத்துக்குக் கொண்டைக்கடலையும் முட்டையும் வாங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமையே வாரத்துக்கும் வடித்து வைப்பது

காணொளிகளில் பார்த்துவிட்டு நிறைய பேர் இதைச் செய்கிறார்கள். குழம்பு, சுண்டல், பொடி இவற்றை முன்கூட்டிச் செய்து குளிர்பெட்டியில் வைப்பதில் தவறில்லை. சாதத்தில் கவனம் வேண்டும். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைகள் இருக்கலாம். கொதியிலும் அவை சாவதில்லை. வடித்த சாதம் அடுப்படியில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடு பண்ணினாலும் வாந்தியைத் தரும் அந்த நஞ்சு போகாது. 'சூடு பண்ணித்தானே சாப்பிட்டேன்' என்று சொல்லி ஒரு நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் சம்பளம் போனால் ஒரு மாதம் சிக்கனம் பிடித்ததெல்லாம் போச்சு. சாதத்தைக் காலையில் புதிதாக வடியுங்கள். மிஞ்சினால் தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளே தீர்த்துவிடுங்கள்.

இன்னொன்று. கொதிக்கக் கொதிக்க அடைத்து மூடினால் ஆவி உள்ளேயே நீராக விடும், தேங்காய் சேர்த்த பொரியல் மதியத்துக்குள் ஊசிப்போகும். சென்னை வெயிலில் தேங்காயைக் குறைப்பதே நல்லது. பையில் உப்பும் காரமும் கலந்த வேர்க்கடலைப் பொடி இருந்தால் தேங்காய் இல்லையே என்று தோன்றாது.

கீரை ஆய நேரமில்லை என்பது

இது உண்மையான கஷ்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் முருங்கைக்கீரைக்கு ஒரு வழி இருக்கிறது. கொத்தை இரவில் துணியில் இறுகச் சுற்றி வையுங்கள். காலையில் உதறினால் இலை தானே உதிரும். 100 கிராம் இலையில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. தெருவில் யார் வீட்டிலாவது மரம் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். நான் வாரம் இரண்டு நாள் பக்கத்துத் தெரு ஆச்சி வீட்டு மரத்தில்தான் பறிக்கிறேன். அதைத் தனியே வதக்க வேண்டாம், வேகும் பாசிப்பருப்பில் கடைசி ஐந்து நிமிடம் போட்டு இறக்கினால் கூட்டு ஆகிவிடும்.

சாப்பிட்ட கையோடு டீ

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கில் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்புச் சத்து வேண்டும், ஆணுக்கு 19. கீரையும் பயறும் தருகிற இரும்பை உடம்பு ஏற்கெனவே கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்கிறது. டீயில் இருக்கிற டானின் அதையும் தடுக்கிறது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். மாறாக வைட்டமின் சி அந்த இரும்பை உள்ளே இழுக்கும். சுண்டலில் அரை எலுமிச்சம்பழம் பிழிவது, நெல்லிக்காய் ஒன்றைக் கடித்துக்கொள்வது, கொய்யாப்பழம் பாதி வைத்துக்கொள்வது போதும். எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள், கொதியில் வைட்டமின் சி வீணாகும்.

பச்சரிசிதான் வெள்ளை என்று வாங்குவது

புழுங்கல் அரிசி வாங்குங்கள். நெல்லைப் புழுக்கும்போதே தவிட்டில் உள்ள பி வைட்டமின்கள் மணிக்குள் இறங்கிவிடும்.

ராத்திரி ஊறப்போட மறப்பது

சுண்டல் என்று முடிவு செய்துவிட்டு, ஊறப்போட மறந்து, காலையில் அவசரத்துக்கு உருளை வறுவலில் போய் நிற்பதுதான் வாரத்தில் பாதி நாள் நடப்பது. இதற்கு அறிவுரை உதவாது, ஏற்பாடுதான் உதவும். பயறு டப்பாவைச் சமையல் அலமாரியில் வைக்காதீர்கள். ராத்திரி கடைசியாகக் கை போகிற இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் அது தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாடிப் பெண்கள் செல்போன் சார்ஜர் மாட்டும் பலகையில் வைத்திருக்கிறார்கள்.

அப்படியும் மறந்தால், காலை ஐந்து மணிக்குக் கடலையைக் கழுவி, கொதிக்கும் நீரோடு ஹாட் பாக்ஸில் போட்டு மூடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து அந்தத் தண்ணீரை மாற்றி, உப்புப் போட்டுக் குக்கரில் ஏழெட்டு விசில். ராஜ்மாவுக்கு மட்டும் இந்தக் குறுக்கு வழி வேண்டாம். அதை இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கொதிக்கவைத்தே ஆக வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும்.

ஊறவே வேண்டாத நாளுக்குப் பாசிப்பருப்பு இருக்கிறது. ஒருவருக்கு 40 கிராம், மூன்று விசில், மேலே சீரகமும் பூண்டும் தாளித்து, சாதத்தோடு கெட்டியாகப் பிசைந்து அடைத்தால் வேலை முடிந்தது. போன செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்கள் கட்டிக்கொண்டு போனது இதுதான், கூட ஆளுக்கொரு முட்டை.