பெர்லின் சுவரை ஒரே தாளில் படிப்பது எப்படி? வரலாறு படிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

‘1989 நவம்பர் 9: பெர்லின் சுவர் இடிந்தது.’ பொது அறிவுப் புத்தகங்களில் இந்த ஒரு வரிதான் இருக்கும். (ஜெர்மனி இரண்டாகப் பிரிந்திருந்த காலத்தில், கம்யூனிசக் கிழக்கு ஜெர்மனிக்கு நடுவே தீவுபோல் இருந்த மேற்கு பெர்லினைச் சுற்றிக் கிழக்கு ஜெர்மனி அரசு எழுப்பிய சுவர் அது.) நானும் இதைத்தான் மனப்பாடம் செய்தேன், மதிப்பெண்ணும் வாங்கினேன். ரொம்ப நாள் கழித்துத்தான் வரியிலேயே பிழை இருப்பது தெரிந்தது. அன்றைக்குச் சுவர் இடியவில்லை, கதவு திறந்தது. ஆர்வத்தில் சிலர் சுத்தியலால் கொத்தினார்களே தவிர, அரசே முறையாக இடிக்கத் தொடங்கியது 1990 ஜூன் மாதம்.

சரி, கதவு எப்படித் திறந்தது, யார் திறந்தார்? அங்கேதான் விஷயம் சுவையாகிறது. ஒரு திருப்புமுனையைப் பிரித்துப் பார்க்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். ஒரு ஏ4 தாள், பென்சில், ரப்பர், ஒரு சிவப்புப் பேனா போதும். தாளைக் குறுக்குவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் ஆகும்.

படி 1: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

“கம்யூனிசம் ஏன் வீழ்ந்தது?” என்று தாளின் தலையில் எழுதினால் அன்றைக்கே தாள் கிழியும். ஒரு ராத்திரிக்குள் அடங்குகிற கேள்வியாக வேண்டும். நான் எழுதுவது இது: “28 ஆண்டு சுட்டுக்கொண்டிருந்த எல்லையில் அந்த ஒரு இரவு ஏன் ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை?”

இந்தக் கேள்விக்கு வலு இருக்கிறது. அந்தச் சுவரில் குறைந்தது 140 பேர் உயிரிழந்திருக்கிறார்கள். தப்பியோட முயன்று கடைசியாகச் சுட்டுக் கொல்லப்பட்ட கிறிஸ் குவெஃப்ரோய்க்கு 20 வயது. அது நடந்தது 1989 பிப்ரவரியில், கதவு திறப்பதற்கு ஒன்பதே மாதம் முன்னால்.

படி 2: இரண்டு முனைகளைக் குறியுங்கள்

தாளின் நடுவில் ஒரு நீளக் கோடு. இடது முனையில் 13 ஆகஸ்ட் 1961. அன்று அதிகாலை கிழக்கு ஜெர்மனி அரசு மேற்கு பெர்லினைச் சுற்றி முள்கம்பி இழுத்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அதன் தலைவர் வால்டர் உல்பிரிக்ட், “சுவர் எழுப்பும் எண்ணம் யாருக்கும் இல்லை” என்று செய்தியாளர்களிடம் சொல்லியிருந்தார். அதுவரை லட்சக்கணக்கில் மேற்கே போய்க்கொண்டிருந்தவர்களைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

வலது முனையில் 3 அக்டோபர் 1990, இரண்டு ஜெர்மனியும் ஒன்றான நாள். ஜெர்மானியர்கள் ஒற்றுமை நாளாக நவம்பர் 9ஐக் கொண்டாடாமல் இதைக் கொண்டாடுவதற்குக் காரணம் உண்டு. யூதர்களின் கடைகளும் வழிபாட்டிடங்களும் நாடெங்கும் சூறையாடப்பட்ட 1938ஆம் ஆண்டு இரவும் அதே நவம்பர் 9தான்.

தொடங்குபவர்கள் கோட்டை ரொம்பப் பின்னால் இழுத்துக்கொண்டு போவார்கள். 1945, அப்புறம் ஹிட்லர், அப்புறம் பிஸ்மார்க்... வேண்டாம். உங்கள் கேள்விக்குத் தேவையில்லாத ஆண்டு தாளில் ஏறக்கூடாது.

படி 3: கடைசி ஆறு மாதத்தை மட்டும் இழுத்து நீட்டுங்கள்

கோட்டில் 28 ஆண்டுகளை விரல் அகலத்தில் அடக்கிவிட்டு, மிச்ச இடம் முழுவதையும் 1989க்குக் கொடுங்கள்.

மே 2: ஹங்கேரி, ஆஸ்திரிய எல்லையில் இருந்த வேலியைப் பிரிக்கத் தொடங்கியது. கிழக்கு ஜெர்மானியர்கள் விடுமுறைக்கு ஹங்கேரி போவது வழக்கம். சுற்றுலா போனவர்கள் திரும்பி வரவில்லை. ஆகஸ்ட் 19 அன்று ஷோப்ரோன் ஊருக்குப் பக்கத்தில் எல்லையோரம் நடந்த ஒரு பிக்னிக்கில், அறுநூறு பேருக்கு மேல் அப்படியே ஆஸ்திரியாவுக்குள் ஓடிவிட்டார்கள். செப்டம்பர் 11 முதல் ஹங்கேரி அவர்களைத் தடுப்பதையே விட்டுவிட்டது.

அக்டோபர் 9: லைப்ஸிக் நகரம். இதைச் சிவப்புப் பேனாவால் எழுதுங்கள். திங்கள்கிழமைதோறும் நிக்கோலாய் தேவாலயத்தில் பிரார்த்தனை முடிந்து ஊர்வலம் போகும் பழக்கம் அங்கே உருவாகியிருந்தது. அன்று 70,000 பேர் திரண்டார்கள். ஆயுதப் படை தயார் நிலையில் நின்றது. நான்கே மாதம் முன்னால், ஜூனில், பெய்ஜிங்கில் மாணவர்கள் மேல் ராணுவம் சுட்டிருந்தது. இங்கேயும் அதுதான் நடக்கும் என்று பயந்தபடியேதான் வந்தார்கள். இசை நடத்துநர் குர்ட் மாஸூர், ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் மூன்று உள்ளூர்ச் செயலர்கள் உட்பட ஆறு பேர் சேர்ந்து அமைதி காக்கச் சொன்ன வேண்டுகோள் ஒலிபெருக்கியில் போனது. யாரும் சுடவில்லை. என்னைக் கேட்டால் சுவர் உள்ளுக்குள் விழுந்தது அன்றைக்குத்தான்.

அக்டோபர் 18: பல ஆண்டுகளாகத் தலைவராக இருந்த ஹோனெக்கர் போய், எகான் கிரென்ஸ் வந்தார். நவம்பர் முதல் வாரத்தில் மக்கள் செக்கோஸ்லோவாக்கியா வழியாக மேற்கே போகத் தொடங்க, செக் அரசு முணுமுணுத்தது. உடனே ஒரு புதிய பயண விதி தேவைப்பட்டது. மிச்சமெல்லாம் அந்த விதி எழுதிய தாளின் கதை.

படி 4: அந்த நாளை மணிக்கணக்கில் எழுதுங்கள்

தாளைத் திருப்புங்கள். பின்பக்கம் முழுவதும் நவம்பர் 9, வியாழக்கிழமை. எல்லாவற்றையும் பெர்லின் நேரத்தில் எழுதுங்கள். நம் நேரத்தோடு கலந்தால் குழம்பும் (அங்கே இரவு 11.30 என்றால் இங்கே மறுநாள் அதிகாலை 4).

காலை. உள்துறை அதிகாரி கெர்ஹார்ட் லௌட்டரும் இன்னும் மூவரும் உட்கார்ந்து விதியை எழுதினார்கள். அவர்களிடம் கேட்கப்பட்டது ஒரேயடியாக நாட்டை விட்டுப் போகிறவர்களுக்கான விதி மட்டும். நிரந்தரமாகப் போகிறவனுக்கு அனுமதி, போய்விட்டுத் திரும்பி வருகிறவனுக்குக் கிடையாது என்றால் அபத்தம் என்று நினைத்து, சும்மா போய்வருவதையும் அவர்களாகவே சேர்த்தார்கள். இரண்டுக்கும் விண்ணப்பம் போட வேண்டும், அனுமதி வாங்க வேண்டும். செய்தியை 10ஆம் தேதி வெளியிட வேண்டும் என்றும் அதில் இருந்தது.

மாலை 6 மணி. கட்சியின் பேச்சாளர் குந்தர் ஷபோவ்ஸ்கி செய்தியாளர்களைச் சந்தித்தார். தொலைக்காட்சியில் நேரலை. அந்த விதியைப் பற்றிக் கட்சிக் கூட்டத்தில் பேசியபோது அவர் அறையில் இல்லை. புறப்படும் முன் கிரென்ஸ் தாளைக் கையில் கொடுத்தார், அவர் அதைச் சரியாகப் படிக்கவும் இல்லை. ஒரு மணி நேரம் சப்பென்று போனது. ஏழு மணிக்குச் சில நிமிடம் இருக்கும்போது இத்தாலியச் செய்தி நிறுவனத்தின் ரிக்கார்டோ எர்மான் பயணச் சட்டம் பற்றிக் கேட்டார். ஷபோவ்ஸ்கி தாளைத் தேடி எடுத்துக் கடகடவென்று வாசித்தார். எப்போது முதல் என்று கூட்டத்திலிருந்து கேள்வி. தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எனக்குத் தெரிந்தவரை... உடனே, தாமதமில்லாமல்” என்றார்.

10ஆம் தேதி என்ற வரி அவர் கண்ணில் படவில்லை.

இரவு 7.05. எல்லை திறக்கிறது என்று செய்தி நிறுவனங்கள் அனுப்பத் தொடங்கின. மேற்கு ஜெர்மன் தொலைக்காட்சி கிழக்கு வீடுகளிலும் தெரியும். 10.40 வாக்கில் அதில் ஒரு மூத்த செய்தி வாசிப்பாளர், சுவரின் வாசல்கள் விரியத் திறந்திருக்கின்றன என்றே சொல்லிவிட்டார். அப்போது எந்த வாசலும் அப்படித் திறந்திருக்கவில்லை. செய்தி முந்திக்கொண்டது, உண்மை பின்னால் ஓடி வந்து சேர்ந்தது.

இப்போது போர்ன்ஹோல்மர் தெருச் சோதனைச் சாவடிக்குப் போவோம். அன்றிரவு பொறுப்பில் இருந்தவர் லெப்டினென்ட் கர்னல் ஹரால்ட் யேகர். 1964 முதல் அதே சாவடியில் வேலை. உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டே ஷபோவ்ஸ்கியின் பேச்சைப் பார்த்தவர், என்ன உளறல் இது என்று டிவியைப் பார்த்துக் கத்தியதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். மேலதிகாரிக்குப் போன் செய்தார். காத்திருங்கள், வந்தவர்களைத் திருப்பி அனுப்புங்கள் என்று பதில். வாசலில் பத்துப் பேர் நூறானார்கள், நூறு ஆயிரமானது. மறுபடி போன், மறுபடி அதே பதில்.

ஒன்பது மணிக்கு மேல் ஒரு யோசனை வந்தது. ரொம்பச் சத்தம் போடுகிறவர்களை மட்டும் வெளியே விடு, ஆனால் அடையாள அட்டையில் புகைப்படத்தின் மேலேயே முத்திரை குத்து. அதாவது, போனவன் போனவன்தான், திரும்ப முடியாது. குக்கரில் கொஞ்சம் ஆவியை வெளியேற்றுகிற கணக்கு. அதிகாரிகளே அதற்கு ‘வால்வு’ என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். பின்னால் நின்றவர்களுக்கு, சத்தம் போட்டால் விடுகிறார்கள் என்று மட்டும் புரிந்தது. சத்தம் இரண்டு மடங்கானது.

சும்மா எட்டிப் பார்க்கப் போன ஓர் இளம் தம்பதி திரும்பி வந்து நின்றார்கள். வீட்டில் குழந்தைகள் தூங்குகின்றன. அட்டையில் முத்திரை இருக்கிறது, உள்ளே விடக்கூடாது. யேகர் விட்டுவிட்டார். அன்றிரவு அவர் மீறிய முதல் உத்தரவு அது.

11.30 வாக்கில் தடுப்புக் கட்டையைத் தூக்கச் சொன்னார். மேலிருந்து அப்படி யாரும் சொல்லவில்லை. நள்ளிரவு தாண்டுவதற்குள் மற்றச் சாவடிகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன.

படி 5: ஆட்களுக்கு ஒரு கட்டம்

இப்போது முன்பக்கம், கோட்டுக்குக் கீழே மூன்று பத்தி போடுங்கள்: யார், அந்த மணிக்கு அவருக்கு என்ன தெரியும், அவர் கையில் என்ன இருந்தது. லௌட்டர், கிரென்ஸ், ஷபோவ்ஸ்கி, யேகர் என்று நான்கு வரிசை. நடுப் பத்திதான் கஷ்டம், அதில்தான் பலரும் கோட்டை விடுவார்கள். நமக்கு முடிவு தெரியும், அவர்களுக்குத் தெரியாது. இரவு 9 மணிக்கு யேகருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: டிவி ஒன்று சொல்கிறது, போன் வேறு சொல்கிறது, வாசலில் கூட்டம் தள்ளுகிறது.

ஐந்தாவது வரிசையில் ‘பெயர் தெரியாதவர்கள்’ என்று எழுதுங்கள். வாசலில் நின்ற ஆயிரக்கணக்கானவர்கள். அவர்களில் ஒரு பெண்ணின் பெயர் மட்டும் பிறகு உலகத்துக்குத் தெரிந்தது. வியாழக்கிழமை வழக்கப்படி நீராவிக் குளியல் முடித்து அந்தப் பக்கம் வந்து, கூட்டத்தோடு மேற்கே நடந்த, பின்னாளில் ஜெர்மனியின் ஆட்சித் தலைவரான அங்கேலா மெர்க்கல். அப்போது அவர் ஒரு விஞ்ஞானி.

படி 6: ஒவ்வொருவராக அழித்துப் பாருங்கள்

ரப்பர் இதற்குத்தான். ஷபோவ்ஸ்கியை அழியுங்கள். மறுநாள் காலை அலுவலகங்கள் முன்னால் விண்ணப்ப வரிசை நின்றிருக்கும். சுவர் எப்படியும் கொஞ்ச நாளில் ஓட்டையாகியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அந்த ராத்திரி நடந்திருக்காது. யேகரை அழியுங்கள். வேறொரு அதிகாரி, அதே நெரிசல், கையில் துப்பாக்கி. யோசிக்கவே பிடிக்கவில்லை. லைப்ஸிக்கை அழித்தால் நவம்பர் 9 என்ற தேதிக்கே வேலையில்லை.

சோவியத் தலைவர் கோர்பச்சேவ்? அவர் பெயர் பின்பக்கம் முழுக்க ஒரு இடத்தில்கூட வரவில்லை, கவனித்தீர்களா? 1953இல் கிழக்கு பெர்லின், 1956இல் ஹங்கேரி, 1968இல் பிராக். மூன்று முறையும் சோவியத் டாங்கிகள் வந்தன. 1989இல் வரவில்லை. அவர் செய்யாமல் விட்டதுதான் அவருடைய பங்கு. அதனால் அவரைக் கோட்டுக்கு மேலே தனியாக எழுதுகிறேன்.

என் கேள்விக்குப் பதில் இங்கேதான் கூடி வந்தது. ஏப்ரல் மாதமே, உயிருக்கு ஆபத்து வந்தாலொழியச் சுட வேண்டாம் என்று எல்லைப் படைக்குள் ரகசியமாகச் சொல்லியிருந்தார்கள். அக்டோபரில் லைப்ஸிக்கில் சுடவில்லை. மாஸ்கோவும் தள்ளி நின்றது. சுடு என்று சொல்வதற்கு அன்றிரவு மேலே யாரும் துணியவில்லை, திற என்று சொல்லவும் துணியவில்லை. முடிவு ஒரு சாவடி அதிகாரியின் தலையில் வந்து விழுந்தது.

படி 7: ரொம்ப அழகான கதையைச் சந்தேகியுங்கள்

1987 ஜூனில் அமெரிக்க அதிபர் ரீகன் பெர்லினுக்கு வந்து, இந்தச் சுவரை இடியுங்கள் என்று கோர்பச்சேவைக் கேட்டார், சுவர் விழுந்தது என்று ஒரு கதை சுற்றும். இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கிறது. உங்கள் தாளில் அந்தப் பேச்சை லைப்ஸிக்கோடு அம்புக்குறி போட்டு இணைக்க முடிகிறதா என்று பாருங்கள். எனக்கு முடியவில்லை. “எப்போது முதல்?” என்ற அந்தப் புகழ்பெற்ற கேள்வியைக் கேட்டது தான்தான் என்று பிறகு ஒருவருக்கு மேற்பட்ட செய்தியாளர்கள் சொல்லிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட இடங்களைப் பென்சிலிலேயே விட்டுவிடுங்கள், பேனா வேண்டாம்.

அடுத்து நீங்களே ஒன்று

இரண்டாவது தாளுக்கு 1914 சராயேவோவை, முதல் உலகப் போருக்குப் பொறியான கொலையை, எடுத்துக்கொள்ளுங்கள். இடது முனையில் ஜூன் 28 காலை, ஆஸ்திரியா-ஹங்கேரி இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்டின் கார் வரிசை மேல் வீசப்பட்டுக் குறி தவறிய குண்டு. வலது முனையில் ஜூலை 28, ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியா மேல் போர் அறிவித்த நாள். பின்பக்கத்துக்கு அன்று காலை ஒரு மணி நேரம் போதும்: குண்டு, நகர மண்டபம், பயண வழியை மாற்றியதை ஓட்டுநரிடம் யாரும் சொல்லாமல் விட்டது, தவறாகத் திரும்பி நின்ற கார், கொலையாளி பிரின்சிப்பின் இரண்டு தோட்டாக்கள். பிரின்சிப் அப்போது சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று எங்காவது படித்தால், படி 7க்கு வாருங்கள்.