புட்டு வேகாததற்குக் காரணம் மாவு அல்ல

கல்யாணமாகி மார்த்தாண்டம் வந்த புதிதில் நான் வைத்த புட்டு வேகவே இல்லை. மேலே உலர்ந்த மாவு, அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குக் கூழ். மாவைச் சலித்தேன், தண்ணீர் கூடத் தெளித்துப் பிசிறினேன், குடமும் குழலும் சேரும் இடத்தில் ஈரத்துணி சுற்றினேன், பலனில்லை.

"மாவை விடு மகளே, சில்லைத் திருப்பிப் பார்" என்றார் மாமியார். குழலின் அடியில் மாவைத் தாங்கும் துளைத்தட்டுதான் சில்லு. அதன் துளைகள் முழுக்கப் பசை. குடத்தில் கழுத்துவரை தண்ணீர் இருந்தால், கொதிக்கும்போது அது தெறித்து அடிமாவை நனைத்துவிடுகிறது. அந்தப் பசைதான் ஆவியின் வழியை அடைத்திருக்கிறது.

ஈர்க்குச்சியால் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்தேன். அரைக்குடம் தண்ணீர் மட்டும் வைத்தேன். மாவை அழுத்தாமல் நிரப்பி, ஆவி நன்றாகக் கிளம்பிய பிறகே குழலைப் பொருத்தினேன். சற்று நேரத்தில் மூடித் துளையில் ஆவி பீறிட்டது. அப்பாடா! பயறும் பப்படமும் மட்டிப்பழமும் சேர்த்து எல்லோரும் சாப்பிட்டோம்.