வெள்ளத்திலும் இடிமழையிலும் மருத்துவமனைக் கணினி வலையமைப்பு நிற்காமல் இயங்க

2018 ஆகஸ்டில் காவிரி பெருகியபோது பவானி, குமாரபாளையம் ஆகிய ஊர்களின் கரையோரத் தெருக்களில் தண்ணீர் புகுந்தது. அத்தகைய ஊரில் மருத்துவமனை நடத்துவோர் முதலில் செய்யவேண்டியது, இணைய இணைப்பு எந்த வழியாகக் கட்டடத்துக்குள் வருகிறது என்பதைக் கம்பம் கம்பமாக நடந்து பார்ப்பதே. இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கியிருந்தாலும், இரண்டு ஃபைபர் கேபிள்களும் ஒரே பாலத்தின் ஓரமாக வந்தால், பாலத்துக்கு ஆபத்து வரும் நாளில் இரண்டும் சேர்ந்தே அறுந்துபோகும். ஆகவே இரண்டாவது இணைப்பு எதிர்த்திசைச் சாலையிலிருந்தோ, மொட்டைமாடியில் நிறுத்திய வயர்லெஸ் கோபுரம் வழியாகவோ வரட்டும். சிம் போட்ட ரவுட்டர் மூன்றாவது துணையாக இருக்கலாம். அதை மட்டும் நம்பக்கூடாது, ஏனெனில் செல்போன் கோபுரமும் பேட்டரியையும் பல இடங்களில் அதே ஃபைபரையும் நம்பியே நிற்கிறது.

வெளி இணைப்பு முற்றிலும் அறுந்தாலும் உள்ளே வேலை நடக்கவேண்டும். நோயாளிப் பதிவும் ஆய்வகமும் மருந்தகமும் கட்டடத்திலுள்ள சர்வரிலேயே இயங்கினாலும், ஊழியர் உள்நுழைவதற்கான கடவுச்சொல் சரிபார்ப்பு இணையத்தில் நடந்தால் எல்லாமே நின்றுவிடும். இது பலர் கண்ணில் படாத இடம். உள்நுழைவுச் சரிபார்ப்பும், கணினிகளின் பெயரைக் கொண்டு அவற்றின் வலை முகவரியைக் கண்டறியும் பெயர்த்தேடல் சேவையும் (டிஎன்எஸ்) உள்ளேயே இயங்குமாறு அமைத்துவிடுங்கள்.

கையில் பணம் குறைவென்றால், இரண்டாவது இணைப்புக்கு முன் மின்சாரத்தைச் சரிசெய்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. சர்வரையும், மின்சாரம் நின்றதும் பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் யுபிஎஸ்ஸையும் தரைத்தளத்தில் வைக்கவேண்டாம். ஜெனரேட்டரையும் அதன் டீசல் தொட்டியையும், பழைய வெள்ளம் எட்டிய அளவைக் கரையோரப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, அதற்கு மேல் உயர்த்திய மேடையில் நிறுத்துங்கள். யுபிஎஸ்ஸில் இருக்கும் ஈய-அமிலப் பேட்டரியின் ஆயுள், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி வெப்பத்துக்கும் ஏறக்குறைய பாதியாகும் என்பதால், ஈரோட்டுக் கோடையில் அந்த அறைக்குக் குளிர்சாதனம் அவசியம்.

கோடை இடிமழைக்குத் தனி ஏற்பாடு வேண்டும். இரண்டு கட்டடங்களைச் செம்புக் கேபிளால் இணைத்திருந்தால் மின்னலின் மின்னழுத்தம் அதன் வழியே, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்களை எரித்துவிடக்கூடும். அங்கே உலோகமில்லாத ஃபைபரைப் போடுங்கள். மண் காய்ந்தால் எர்த்திங்கின் தடை கூடும் என்பதால், எர்த் குழிக்குச் சித்திரை, வைகாசியில் தவறாமல் தண்ணீர் ஊற்றச் செய்யுங்கள்.

பேக்கப் பிரதிகளில் ஒன்று கோவை போன்ற வேறு ஊரில் இருக்கட்டும். தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஒருமுறையும் ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறையும், நோயாளிகளுக்கு இடையூறில்லாத நேரத்தில், உயிர்காக்கும் கருவிகளுக்குத் தனி மின்சாரம் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, முதன்மை ஃபைபரைக் கழற்றியும் சர்வர் அறையின் மின்சாரத்தை நிறுத்தியும் சோதியுங்கள். நனைந்த கருவிக்கு, முழுதும் உலர்ந்து தொழில்நுட்பர் பார்க்கும்வரை, யாரும் மின்சாரம் கொடுக்கக்கூடாது என்று எழுதி, தொடர்பு எண்களுடன் சர்வர் அறைக் கதவில் ஒட்டிவையுங்கள்.