டார்க் உச்சத்தில் கியர் மாற்றாதீர்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் மெனுவல் கியர் மைவி கார் ஓட்டுகிற பையன்களிடம், வேகம் எடுக்கும்போது எங்கே கியர் மாற்றுவீர்கள் என்று கேட்டால், "டார்க் உச்சத்துல, அங்கதானே இழுவை அதிகம்" என்பார்கள். டார்க் என்பது இஞ்சினின் முறுக்கு விசை. அதிகம் அடிபடுகிற தவறு இதுதான்.

முதல் தலைமுறை 1.3 மைவிக்கு டார்க் உச்சம் 3200 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) 116 நியூட்டன் மீட்டர். பவர் உச்சம் 6000-இல் 64 கிலோவாட். கிலோவாட்டை 9549-ஆல் பெருக்கி ஆர்பிஎம்மால் வகுத்தால், 6000-இல் டார்க் 102 என்று வரும். உச்சத்தைவிட 14தான் குறைவு.

சக்கரத்துக்குப் போவதோ கியர் விகிதத்தால் பெருகிய டார்க். கணக்குக்காக இரண்டாவது கியர் 1.9, மூன்றாவது 1.25 என்று வைப்போம். இரண்டாவதில் 6000 வரை போனால் 102 × 1.9, அதாவது 194. அங்கே மூன்றாவதுக்கு மாற்றினால் ஆர்பிஎம் ஊசி 3950 பக்கம் விழும். முழு 116 கிடைத்தாலும் 145தான். 3200-லேயே மாற்றுகிறவர் கையிலிருந்த 220-ஐ விட்டுவிட்டு 145-க்கும் கீழே இறங்குகிறார். இப்போதைய கியரின் இழுவை அடுத்த கியரின் இழுவைக்குச் சமமாகும்வரை மாற்றக் கூடாது. பெரும்பாலான கார்களில் அந்த இடம் பவர் உச்சத்தையும் தாண்டித்தான் வரும்.

அதற்காக எல்லாக் கியரிலும் ஆர்பிஎம் மீட்டரின் சிவப்புக் கோடு வரை போவதும் சரியல்ல. மேல் கியர்களில் விகித இடைவெளி சுருங்குவதால், அங்கே கொஞ்சம் முன்னதாகவே மாற்றலாம். ஆர்பிஎம் எல்லை தாண்டாமல் தடுக்கும் லிமிட்டரில் முட்டினால் இழுவை அறுந்து நேரம்தான் போகும்.

காதை நம்புவது இன்னொரு தவறு. எக்ஸாஸ்ட் மாற்றிய காரில் 4000-லேயே இஞ்சின் உயிர் போகிற மாதிரி கத்தும். சத்தத்துக்கும் பவருக்கும் சம்பந்தமே இல்லை. மேடு பள்ளமான தோட்டச் சாலையில் போன் ஆப் வைத்து பவரை அளப்பதும் வீண். காரை டைனோ என்கிற பவர் அளக்கும் கருவியில் ஏற்றி, டார்க், பவர் வரைபடம் வாங்குங்கள்.

இதெல்லாம் வேகத்துக்கான கணக்கு. பெட்ரோல் மிச்சம் பிடிக்க 2000, 2500-இல் மாற்றுவது வேறு விஷயம், தவறில்லை. ஆனால் நாலு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் 1500-இல் மிதித்தால் இஞ்சின் தட்டும், கியரைக் குறையுங்கள்.

கோலகங்சார் பழைய சாலையில் செம்பனைக் குலை லோரியை முந்தும்போதும் இதே கணக்குதான். மூன்றாவதுக்கு இறக்கிவிட்டு வெளியே வாருங்கள். லோரிக்குப் பக்கத்தில் இருக்கும்போது நான்காவதுக்குப் போகாதீர்கள்.