கலாய்ப்பதற்கும் முறை வேண்டும்

சித்திரைத் திருவிழாக் கதை மதுரையில் எல்லோருக்கும் தெரியும். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு மலையிலிருந்து கிளம்பி வருகிறார் அழகர். வைகைக்கு வந்து சேர்வதற்குள் தாலி கட்டி முடிந்துவிடுகிறது. கோபித்துக்கொண்டு வண்டியூர்ப் பக்கம் போய்விடுகிறார். அதனால் எங்கள் பக்கத்தில் விசேஷ வீட்டுக்குத் தாமதமாகப் போகிறவனுக்கு வாசலிலேயே ஒரு குரல் காத்திருக்கும்: "வாங்க அழகரே, தாலி கட்டியாச்சு. சாப்பிட்டுப் போறீங்களா, இல்ல நேரா வண்டியூருக்கா?" வந்தவனுக்குக் கூச்சமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும். பந்தியில் இடமும் கிடைத்துவிடும். கலாய்ப்பது என்றால் இதுதான்.

அச்சுக்குப் போகிற எழுத்தில் பிழை திருத்துவது என் தொழில். கல்லூரி ஆண்டு மலர், கல்யாண மலர், சிறுகதைத் தொகுப்பு என்று என் மேசைக்கு வருகிற எல்லாவற்றிலும் இப்போது 'கலாய்' நுழைந்துவிட்டது. பாதி இடங்களில் தவறாக நுழைந்திருக்கிறது. எழுத்துப் பிழையை நான் திருத்திவிடலாம். பேசுகிற இடத்தில் செய்கிற பிழையை யார் திருத்துவது? அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் பிறப்பு. இது சினிமாக்காரர்கள் கண்டுபிடித்த சொல், நேற்று வந்த கல்லூரிப் பேச்சு என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியிலேயே 'கலாய்த்தல்' இருக்கிறது. பொருள்தான் வேறு: கோபித்தல், சச்சரவு செய்தல். 'கலாம்' என்றால் சண்டை, போர். ஆக, சொல்லின் உருவம் பழையது. சிரிப்புதான் புதிதாக வந்து ஏறியது.

சண்டைச் சொல்லில் சிரிப்பு ஏறுவது தமிழில் அதிசயமில்லை. 'வம்புக்கு இழுக்கிறான்' என்றால் அடிதடிக்கு இழுக்கிறானா, விளையாட்டுக்கு இழுக்கிறானா என்பது சொல்கிறவரின் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். 'ஏசல்' அப்படித்தான். பள்ளு நூல்களில் பள்ளனின் இரண்டு மனைவிகளான மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் மாறி மாறி ஏசிக்கொள்வார்கள், கேட்கிறவர்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். கல்யாண வீட்டில் சம்பந்திகளைக் கேலி செய்து பெண்கள் பாடுவதும் அந்த வகைதான். ஒரு பக்கம் பாடிவிட்டு நிறுத்தினால், மறுபக்கம் பாட வேண்டும். பதில் பாட்டு வராவிட்டால் சபையே சப்பென்று ஆகிவிடும்.

இன்னொரு குழப்பம் உண்டு. பாத்திரத்துக்குக் 'கலாய்' பூசுவது என்று ஒரு தொழில் இருந்தது. பித்தளைப் பாத்திரத்தைத் தீயில் காட்டி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தை உருகவிட்டுத் துணியால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். அந்தச் சொல் அரபி வழியாக இங்கே வந்தது. 'ஆளைச் சூடுபடுத்தித் தேய்ப்பதால் கலாய்ப்பது' என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தார்கள். கற்பனை நன்றாகத்தான் இருந்தது, எனக்கே நீக்க மனசில்லை. ஆனால் ஒன்று உலோகத்தின் பெயர், மற்றது சண்டையின் வினை. காதுக்கு ஒன்றுபோல ஒலிப்பதால் உறவாகிவிடாது. நீக்கிவிட்டேன்.

எழுத்து விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சின்ன 'ல'தான், 'களாய்' இல்லை. கலாய்க்கிறான், கலாய்த்தான், கலாய்ப்பான் என்று போகும், 'கலாயித்தான்' கிடையாது. உரையாடலில் 'கலாய்ச்சாய்ங்க' என்று வந்தால் அதை இலக்கணப்படுத்திவிடாதீர்கள், மதுரைக்காரன் வாயிலிருந்து அப்படித்தான் வரும். பெயர்ச்சொல் 'கலாய்ப்பு'. சண்டை ஒருவனோடு போடுவது, கலாய்ப்பதோ ஒருவனை. அதனால் 'அவனைக் கலாய்த்தார்கள்'. 'அவனிடம் கலாய்த்தார்கள்' என்றால் தட்டும். 'நண்பர்களால் கலாய்க்கப்பட்டான்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். இலக்கணம் சரி, உயிர் இல்லை. மாட்டிக்கொண்டவனைப் பற்றிச் சொல்ல நம்மிடம் 'வாங்குவது' இருக்கிறது: பல்பு வாங்கினான், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

மொழிபெயர்ப்புக் கதை ஒன்றில் காதலி சிரித்துக்கொண்டே காதலனிடம் கேட்கிறாள்: "நீ என் காலை வாருகிறாயா?" ஆங்கிலத்தில் காலை இழுப்பது விளையாட்டு. தமிழில் காலை வாரிவிடுவது துரோகம். தேர்தலில் வாருவார்கள், பாகப்பிரிவினையில் வாருவார்கள். அவள் ஏன் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், காலை எடுத்துவிட்டு வெறும் 'வாருறது' என்றால் அது கலாய்ப்புதான்: "என்னய வாராதீங்கப்பா." கால் இருந்தால் துரோகம், இல்லாவிட்டால் விளையாட்டு.

ஒன்றுக்குப் பதில் இன்னொன்று

இனி எனக்கு அதிகம் எரிச்சல் தருகிற தவறு. கேலி, கிண்டல், நக்கல், நையாண்டி, லந்து எல்லாவற்றையும் ஒரே சரக்காக நினைத்து, ஒரு பத்தியில் ஒன்று திரும்ப வரக் கூடாதே என்பதற்காக மாற்றி மாற்றிப் போடுவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசனை இருக்கிறது. கேலி வடமொழியில் விளையாட்டு. இன்றும் அதுதான் இருப்பதில் மென்மையானது. கிண்டல் 'கிண்டு' என்பதிலிருந்து. அல்வாவைக் கிண்டலாம், கோழி குப்பையைக் கிண்டும். உள்ளே கிடப்பதை மேலே கொண்டுவருகிற வேலை, ஆகவே கிண்டலில் கொஞ்சம் குடைச்சல் இருக்கும். நையாண்டி கூட்டத்துக்கு உரியது. மேளம் போல நாலு பேர் கேட்க வேண்டும். நக்கலில் ஓர் ஏளனம் உண்டு, மேலே இருந்து கீழே பார்க்கிற பார்வை. "என்ன நக்கலா?" என்று ஒருவர் கேட்டால் சிரிப்பு முடிந்துவிட்டது, சட்டைக் கையை மடிக்கப் போகிறார் என்று அர்த்தம். "என்ன கலாய்க்கிறியா?" என்று கேட்டால் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.

லந்து மதுரையின் செல்லப் பிள்ளை. வெளியூர்க்காரர்கள் அதைக் கலாய்ப்பு என்றே எழுதிவிடுகிறார்கள். லந்து கொடுப்பதற்கு எதிரில் ஆள் தேவையில்லை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு, டீக்கடை பெஞ்சில் கால் மேல் கால் போட்டு, "அண்ணனுக்கு ஒரு டீ" என்று தன்னையே அண்ணன் என்று சொல்லிக்கொள்வதும் லந்துதான். மிடுக்கு, குறும்பு, கொஞ்சம் திமிர், எல்லாம் அதில் அடங்கும். ரவுசும் அலப்பறையும் அதற்குப் பக்கத்து வீடு. கலாய்ப்புக்கோ ஆள் வேண்டும். அந்த ஆள் லந்து கொடுக்கிறவனாக இருந்தால் இன்னும் வசதி.

அந்த ஆளுக்கும் திருப்பிக் கொடுக்க வாய் இருக்க வேண்டும். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் சிரிப்புக்கு நான்கு காரணம் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளலை விளக்க வரும் உரைகாரர் பேராசிரியர் அதை இரண்டாகப் பிரிக்கிறார். தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தானும் சிரிப்பது இன்னொன்று. இரண்டாவதை நாம் மறந்துவிடுகிறோம். முதலாளி தொழிலாளியைப் பார்த்துச் சொல்லி, தொழிலாளி வேறு வழியில்லாமல் சிரித்தால், எழுதும்போது தயவுசெய்து 'கலாய்த்தார்' என்று போடாதீர்கள். அவன் பதிலுக்கு ஒன்று சொல்ல முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் அதற்கு வேறு சொல் தேடுங்கள்.

சட்டத்துக்கே இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டு ராகிங் தடைச் சட்டம், மாணவரைக் கேலி செய்வதையும் குற்றங்களோடு சேர்த்தே எண்ணுகிறது. அடுத்த ஆண்டு, 1998-ல், பெண்களைத் தொந்தரவு செய்வதற்கு எதிரான சட்டம் 'ஈவ் டீசிங்' என்ற பெயரில் வந்தது. டீசிங் என்றால் ஏதோ விளையாட்டுச் சமாச்சாரம் போலத் தெரிகிறதல்லவா? பின்னால் சட்டத்தின் பெயரையே மாற்றி, கேலியை எடுத்துவிட்டுத் துன்புறுத்தல் என்று வைத்தார்கள். "சும்மா கலாய்ச்சோம் சார்" என்பது காவல் நிலையத்தில் எடுபடாது. செய்தி எழுதுகிறவர்கள் மட்டும் இன்னமும் 'மாணவியைக் கிண்டல் செய்த வாலிபர்கள்' என்று எழுதுகிறார்கள்.

யாரை யார்

சொல்லைச் சரியாகப் பிடித்தாலும் ஆளைத் தவறாகப் பிடித்தால் போச்சு. எங்கள் பக்கம் கேலிக்கு முறை உண்டு. மாமனை, மச்சானை, கொழுந்தனை, மதினியை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்; சொல்லாவிட்டால்தான் கோபம் என்று நினைப்பார்கள். அண்ணனிடம் அளவு உண்டு. பெரியப்பா, சித்தப்பா பக்கம் போகவே கூடாது. ராட்கிளிஃப்-பிரௌன் என்ற மானிடவியலர் 1940-ல் இத்தகைய கேலி உறவுகளைப் பற்றி எழுதினார். கல்யாணத்தால் சேர்கிற இரண்டு பக்கத்துக்கும் நடுவில் உரசல் இருந்தே தீரும். அது பகையாகாமல் கேலியாக வெளியேறுகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். உசிலம்பட்டிச் சந்தையில் கேட்டிருந்தால் இதையே இன்னும் சுருக்கமாகச் சொல்லியிருப்பார்கள்.

நண்பர்கள் ஒருவரை ஒருவர் மாப்ள, மச்சான் என்று கூப்பிடுவதும் இதனால்தான் என்று எனக்குத் தோன்றும். கலாய்க்க உரிமை வேண்டும் என்பதற்காக இல்லாத சம்பந்தத்தை இரவல் வாங்கிக்கொள்கிறோம். 'தம்பி' என்று ஆரம்பித்தால் அடுத்து வருவது புத்திமதி.

கோயமுத்தூர்க்கார நண்பர் ஒருவரை மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு அழைத்துப்போனேன். நல்ல மனிதர். கலகலப்பாகப் பழகவேண்டும் என்று முடிவு செய்துகொண்டே வந்திருந்தார். நான் கூப்பிடுவதைப் பார்த்து என் சித்தப்பாவை அவரும் 'சித்தப்பா' என்று கூப்பிட்டார். அத்தோடு நின்றிருக்கலாம். சாப்பிட்டு முடித்ததும், "சித்தப்பா தலையில வெயில் பட்டா ஊருக்கே வெளிச்சம்" என்றார். திண்ணையில் ஒரு சத்தமும் இல்லை. சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். பக்கத்திலேயே என் மாமா, அவரும் வழுக்கைதான், யாராவது தன்னைச் சொல்ல மாட்டார்களா என்று உட்கார்ந்திருந்தார்.

நண்பருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அதே வார்த்தைய மாமாகிட்டச் சொல்லியிருக்கலாம்ல" என்றேன். "மகன் முறையில கூப்பிட்டுட்டு மச்சான் பேச்சுப் பேசினா எப்படி?" அவருக்கு அப்போதுதான் விளங்கியது. போய்ச் சித்தப்பாவிடம் மன்னிப்புக் கேட்டார். "அட விடுங்க தம்பி" என்றார் சித்தப்பா. அந்தத் 'தம்பி'யில் இன்னும் கொஞ்சம் விறைப்பு இருந்தது.

மறுநாள் மஞ்சத்தண்ணி. முறைக்காரர்கள் மேல் பெண்கள் மஞ்சள் நீரை ஊற்றித் துரத்துகிற நாள். நண்பர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தனக்கு இங்கே யாரும் முறையில்லை என்ற தைரியத்தில் தெருவில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து வந்த மதினி ஒரு குடத்தை அப்படியே அவர் தலையில் கவிழ்த்துவிட்டு, "என்ன கொழுந்தனாரே, உங்க ஊர்ல வெள்ளச் சட்டை இப்பிடித்தான் வெளுப்பாங்களா?" என்றார். நண்பர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தார்.

"மதினி, குடத்த வச்சுட்டுப் போங்க. உங்க வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கு."

திண்ணையில் முதலில் சிரித்தது சித்தப்பாதான்.